இடப்பக்கத்துக் குதிரை

என் வலது கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து மூன்று வாரமாகிறது. ஆபீசில் மேசைக்கு அடியில், பஸ்ஸில் முன்சீட்டுக்குக் கீழே, நேற்று முடிவெட்டும் கடை நாற்காலியில்கூட, அது தானாக நீண்டு எதையோ அழுத்துகிறது.

"இன்னா சார், கால் மரத்துப் போச்சா?" என்றார் முடிவெட்டுபவர்.

பிரேக் போடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அது வேறு விஷயம். பள்ளிக் காரில் மாஸ்டரின் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருந்தது. எங்கள் காரில் அது கிடையாது. ஆகவே லைசென்ஸ் வந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாடம் நடத்த நான் தேர்ந்தெடுத்த இடம் கிரிவலப் பாதை.

வேங்கிக்காலில் எங்கள் வீடு. ஞாயிறு காலை நானே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பாதையில் நிறுத்துவேன். இருவரும் இடம் மாறிக்கொள்வோம். மலையை ஒரு சுற்று சுற்றி, பதினான்கு கிலோமீட்டரும் முடிந்ததும் மறுபடியும் இடம் மாறி, நான் வீட்டுக்கு ஓட்டி வருவேன். பௌர்ணமி ஒட்டி வரும் ஞாயிறு மட்டும் விடுமுறை. நல்ல சாலை, மரநிழல், நடந்து போகிறவர்கள் ஓரமாகப் போவார்கள். லிங்கம் வரும் இடங்களில் இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். கும்பிடும் வேலையை நான் பார்த்துக்கொள்வேன், அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது. எட்டு மாதத்தில் இருபத்தைந்து சுற்று முடித்தோம். வலது பக்கம் வளைவதில் அவளை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது என்று ஆபீசில் சொல்லியிருக்கிறேன்.

வலது பக்கம் என்றுதான் சொன்னேன். ஏனென்றால் நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றுவது என்பது என் மண்டையில் உதிக்கக்கூடிய விஷயமே அல்ல. சூப்பர் மார்க்கெட்டில்கூட நான் வலமாகத்தான் சுற்றுவேன். பிஸ்கெட்டுக்கு முன்னால் பினாயில் வந்தால் பினாயில்தான் முதலில். பாதையில் ஒன்றிரண்டு சின்ன இடது நெளிவுகள் உண்டு. அங்கே நானே கை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கடத்திவிடுவேன்.

"அப்பா, லெப்ட்ல திருப்பறது எப்பப்பா சொல்லிக் குடுப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முதல்ல ரைட்டு முழுசா வரட்டும்" என்றேன்.

இதில் என்ன தவறு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு வயது இருபத்து நான்கு. வேளாண்மை படித்தவள். ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ச் சாமை, தினை போடுகிறவர்களைப் பார்த்துப் பேசும் வேலை. அங்கேயே ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அந்த ஊர்களுக்கெல்லாம் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கார் இருந்தால்தான் வேலை நடக்கும். இல்லையென்றால் அடுத்தவருக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பழைய காரைக் கேட்டாள்.

நான் முப்பது வருஷமாக அரசாங்க ஆபீசில் கோப்பு பார்க்கிறவன். "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அவளிடமும் அதையே சொன்னேன். பரிசீலனை இரண்டு மாதம் நடந்தது. அந்த இரண்டு மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மலைச்சாலை, கொண்டை ஊசி வளைவு, மழை, பனி, காட்டெருமை. ஜவ்வாது மலையில் காட்டெருமை உண்டா என்று எனக்குத் தெரியாது. என் கனவில் வந்தது.

போதாக்குறைக்குக் காரும் சரியில்லாமல் போனது. திடீரென்று மைலேஜ் குறைந்துவிட்டது. மெக்கானிக்கிடம் இரண்டு தடவை கொண்டுபோனேன். ஃபில்டரை மாற்றினார், ஏதேதோ கழற்றிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் சார் இருக்குது, பெட்ரோல் எங்க போவுதுன்னுதான் தெரியல" என்றார். இந்த வண்டியையா மலை மேல் அனுப்புவது?

ஒரே ஒரு ஆறுதல், என் மனைவி. அவள் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினாலும் பதறாதவள். பரிசீலனையின் கடைசி மூன்று வாரமும் விடிகாலையில் மகளையும் அழைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நான் எழுந்ததும் நெற்றியில் விபூதி பூசுவாள். என் மனசு அடங்குவதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்தைய வாரம் மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்த ஃபைல ஒண்ணு கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா திருப்பி அனுப்புங்க. மேசை மேலயே வச்சிருந்தா எப்படி?"

அதனால் ஒரு நிபந்தனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் முழுக்க அவள் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றதும் சாவி யாருக்கு என்று சொல்வேன்.

"எங்க போறதுன்னு நான்தான் சொல்வேன்" என்றாள் மகள்.

"சரி."

"நீங்க கத்தக் கூடாது."

அதற்கு நான் சரி சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்றேன்.

அவள் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்த காலத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்த சிலைகள். கோயில் சிலை இல்லை, அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சாலையோரத்தில் யாரோ ஆசைப்பட்டுக் கட்டிவைத்த சிமெண்ட் உருவங்கள். எல்லாவற்றையும் இறங்கிக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. பஸ் எங்கே நிற்கும்?

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மனைவி பின்சீட்டில் புளிசாதத்தோடும் முறுக்கு டப்பாவோடும் உட்கார்ந்தாள். ஊருக்குள் கூட்டம் என்று சொல்லிச் செங்கம் சாலை வரை நானே ஓட்டினேன். ஆசிரமத்தைத் தாண்டி, காபிக் கடைகளின் வாசலில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த இடத்தில் இடம் மாறினோம். அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

முதல் சிலை நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் முன்னால் நின்ற டைனோசர். இரண்டு மாடி உயரம். கிளிப்பச்சை. வாய்க்குள் சிவப்பு பல்பு. வாலுக்கு அடியில் "கை கழுவும் இடம்" என்று அம்புக்குறி. நெற்றியில் குங்குமம், கழுத்தில் காய்ந்துபோன சாமந்தி மாலை. ஆயுத பூஜைக்குப் போட்டதைக் கழற்ற ஏணி கிடைக்கவில்லையாம்.

ஓட்டல் இடப்பக்கம் இருந்தது.

"லெப்ட் வேணாம்" என்றேன். "நீ பழகல. நேரா போய், இடம் பாத்து யூ டர்ன் அடிச்சு, இந்தப் பக்கமா வா. அப்ப ரைட்டுல வரும்."

மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். மனைவி முறுக்கு கடித்தாள்.

"ஏங்க, லெப்ட்டுன்னா ஓரமா அப்படியே உள்ள போயிடலாம். ரைட்டுன்னா எதிர்ல வர லாரி எல்லாத்தையும் நிறுத்திட்டுல்ல குறுக்கால போகணும்?"

"ரைட்டு அவளுக்குப் பழக்கம்."

"டூ வீலருக்கு எட்டு போட்டுத்தானே லைசென்ஸ் வாங்குனா? எட்டுல பாதி லெப்ட்டுதானே?"

"அது மைதானம். மைதானத்துல லாரி வராது."

ஒன்றரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தோம். மூன்று லாரி, ஒரு சிமெண்ட் கலவை வண்டி, ஒரு கல்யாண வேன் எல்லாம் போகும் வரை காத்திருந்து, குறுக்கே கடந்து, அழகாக உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். வலது வளைவு, சொல்ல வேண்டுமா? எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

இறங்கி நடுக்கம் தீரக் கொஞ்ச தூரம் நடந்தேன். ஓட்டல் சர்வர் வந்து, "சார், செருப்ப போட்டுனே சுத்தலாம், அது சாமி இல்ல" என்றார். அப்போதுதான் பார்த்தேன், நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டைனோசரை வலம் வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது சுற்று. எனக்குப் பின்னால் என் மனைவியும் வந்துகொண்டிருந்தாள். அவளும் வெறுங்கால்.

"உன்ன யாரு வரச் சொன்னா?"

"நீங்க போனீங்க, நானும் வந்தேன். மூணு சுத்திடலாம், பாதில விடக் கூடாது."

மகள் படம் எடுத்தாள். அதை யாருக்கெல்லாம் அனுப்பினாள் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது, எண்ணெய் செக்கு வைத்திருந்த ஒருவர் தன் ஆலை வாசலில் வைத்திருந்த வேர்க்கடலை. ஒரு ஆட்டோ அளவுக்கு இருக்கும். ஓடு பாதி உடைந்து, உள்ளே இரண்டு பருப்பு சிரித்துக்கொண்டிருந்தது. இதுவும் இடப்பக்கம்தான். இதற்கும் நேராகப் போய்த் திரும்பி வந்தோம். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, கடலையின் மேல் மூன்று பட்டை விபூதி. கீழே ஒரு அகல் விளக்கு, நான்கு வாழைப்பழம்.

காவலாளி வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"ஒரு பௌர்ணமி அன்னிக்கு வெளியூர்லருந்து ஒரு வேன் வந்திச்சுங்க. தூரத்துலருந்து பாத்துட்டு லிங்கம்னு நெனச்சிக்கினாங்க. பட்டை போட்டு, கற்பூரம் ஏத்தி, பாட்டு பாடி, எல்லாம் முடிச்சிட்டுத்தான் போர்டைப் படிச்சாங்க."

"அழிச்சிடலாமே?"

"மொதலாளிக்குப் பயம். பட்டை போட்டப்புறம் அழிச்சா கடலை வெளைச்சல் கம்மியாயிடும்னுட்டாரு. இப்ப தெனம் ரெண்டு வேளை விளக்கு. அந்த வேலையும் என் தலைல."

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மனைவி கைகூப்பினாள். கேட்டதற்கு, "எனக்கு என்ன வந்தது? இருந்தாலும் இருக்கும்" என்றாள்.

வழியில் ஒரு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தோம். தொட்டி லாரி வடிவத்தில் இருந்தது. சக்கரம், நம்பர் பிளேட், பின்னால் "ஒலி எழுப்பவும்" எல்லாம் உண்டு. ஓய்வுபெற்ற லாரி டிரைவர் கட்டியதாம். அவர் ஊரில் இல்லை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவியிடம், படம் எடுக்கலாமா என்று மகள் கேட்டாள்.

"எடும்மா. தண்ணி ரொம்பினா அது ஹாரன் அடிக்கும், கேக்கறியா?"

"நெஜமாவா?"

"லாரி ஹாரனு. முப்பது வருஷம் லாரில போனாரு, ஊட்டுக்கு வந்தா நிம்மதின்னு நெனச்சேன். இப்ப தலைக்கு மேலயே நிறுத்திக்கினாரு."

இதற்குள் மணி பன்னிரண்டு. நான் மூன்று தடவை கத்தியிருந்தேன் என்று மகள் சொன்னாள். இரண்டு என்பது என் கணக்கு. நாய்க்குட்டி குறுக்கே வந்ததைச் சேர்க்கக் கூடாது, அது நாயைப் பார்த்துக் கத்தியது. இவ்வளவுக்கும் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தப்பாக ஓட்டியிருந்தால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தப்புக்காகக் காத்திருந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் காத்திருந்தேன். மனசுக்குள் ஒரு தாளில் குறிப்புகூட எழுத ஆரம்பித்திருந்தேன்: இடது திரும்பத் தெரியாது, ஆகவே மலைச்சாலைக்கு இப்போதைக்குத் தகுதி இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம்.

சாத்தனூர் அணைக்குச் சாலை இடப்பக்கமாகப் பிரிகிறது. அங்கேயும் அவளை நேராகப் போகச் சொல்லி, திரும்பி வரச் சொல்லி, வலது பக்கமாக உள்ளே நுழைய வைத்தேன். பிரிவில் டீக்கடை வைத்திருந்தவர் நாங்கள் முதலில் கடந்து போனதையும் பார்த்தார், திரும்பி வந்ததையும் பார்த்தார். "டேமு இதாங்க வழி, மறந்துட்டீங்களா?" என்று அன்போடு கேட்டார்.

"இல்லைங்க, எங்க ஊட்ல இப்படித்தான் போவோம்" என்றாள் மனைவி.

அணைக்கட்டில் மீன் வறுவலும் புளிசாதமும். பூங்காவில் சிமெண்ட் மான், சிமெண்ட் யானை. யாரும் எதையும் ஓட்டாத இரண்டு மணி நேரம். சாப்பாடு முடிந்ததும் மகள் பட்டியலைப் பார்த்தாள். கடைசியாக ஒன்று மிச்சம், இது மட்டும் கோயில் சிலை, யாரோ சொல்லக் கேட்டுப் பிறகு சேர்த்தது. அணைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஏரிக்கரை ஐயனார் கோயில் குதிரைகள். போன வருஷம்தான் புதிதாகக் கட்டி வர்ணம் அடித்தார்களாம். அதையும் பார்த்துவிட்டு அந்த வழியாகவே ஊருக்குப் போய்விடலாம்.

மூன்று மணி இருக்கும். ஒற்றைச் சாலை, வெயில், காற்றே இல்லை. வலது பக்கம் ஏரி, கரை முட்டத் தண்ணீர். இடது பக்கம் சாலையிலிருந்து சரிவாக இறங்கும் மண் மைதானம், அதன் நடுவில் குதிரைகள். தூரத்திலேயே தெரிந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், பனைமரத்தோடு போட்டி போடும் உயரம்.

"குதிரை லெப்ட்ல வருதுப்பா."

"நேரா போய்த் திருப்பிக்கோ."

"சரிப்பா."

எதிரில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடி வந்தது. அது போகட்டும் என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். அப்போதுதான் டிராக்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பஸ் வெளியே வந்தது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், சாலை முழுவதும் தன்னுடையது என்று டிராக்டரை ஒட்டி முந்திக்கொண்டு வந்தது. சாலையில் டிராக்டருக்கும் பஸ்ஸுக்குமே இடம் போதாது. எங்களுக்கு என்று எதுவும் மிச்சமில்லை. வலது பக்கம் போனால் ஏரி.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதுதான் முக்கியம். காலையிலிருந்து சொல்லிப் பழகிய வாய் அது.

"நேரா போ! நேரா போ!"

நேரே பஸ்.

அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது டிக் டிக் என்ற சத்தம். இண்டிகேட்டர். அந்த நேரத்திலும் அவள் இண்டிகேட்டர் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வலது கால் காரின் தரையை ஓட்டை போடுகிற அளவுக்கு அழுத்தியது. கார் சரிந்தது, குலுங்கியது, முறுக்கு டப்பா என் பின்மண்டையில் வந்து மோதியது, டயருக்கு அடியில் சரளை பறந்தது, பஸ்ஸின் ஹாரன் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. பிறகு எல்லாம் நின்றது.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு முழத் தூரத்தில், ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மீசை, கோரைப்பல், வெளியே தள்ளிய முழி. செத்துவிட்டேன், எமன்தான் என்று நினைத்தேன். எமனுக்கு ஏன் நீல வர்ணம் பூசிய குளம்பைக் கையில் ஏந்தும் வேலை என்று யோசித்தபோதுதான் புரிந்தது, அது குதிரையின் முன்காலைத் தாங்கிப் பிடித்திருக்கும் பூதம். கார் குதிரையின் வயிற்றுக்கு அடியில், கொட்டகையில் நிறுத்தியது போல நின்றிருந்தது. எதிலும் படவில்லை.

"ரெண்டு பேரு முழியும் ஒரே மாதிரி இருக்குது" என்றாள் மனைவி, பின்சீட்டிலிருந்து.

மகள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இண்டிகேட்டரை அணைத்தாள். மூவரும் இறங்கினோம். நான் பூதத்தின் பாதத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார். சாலையைப் பார்த்துக் கையை நீட்டிப் பஸ்காரனின் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் திட்டி முடித்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே? யாரு ஓட்டுனது? நீயாம்மா?"

"ஆமாங்க."

"அதான் நல்லபடியா வந்து நின்னுச்சு. எங்க ஊட்டு ஆம்பள போன மாசம் எதுவுமே எதிர்ல வராமயே டிராக்டரை ஏரில விட்டாரு."

தண்ணீர் குடித்தேன். மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது நன்றியோ பாசமோ அல்ல, ஒரு சந்தேகம். முப்பது வருஷம் கோப்பு பார்த்த புத்தி.

"நீ லெப்ட்ல திருப்பினியே" என்றேன்.

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"சரிவுல, கியரை மாத்தி, இண்டிகேட்டர் போட்டு. இது இன்னிக்கு வந்ததில்ல. எங்க கத்துக்கின?"

ஒரு ஆடு தும்மியது.

"சொல்லிடும்மா" என்றாள் மகள்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் காலைல கோயிலுக்குப் போனோமே."

"ஆமாம்."

"வண்டிலதான் போனோம்."

"வண்டியிலயா? எனக்குச் சத்தமே கேக்கலியே?"

"உங்க குறட்டைல வாசல்ல ரயிலே போனாலும் கேக்காது."

பெட்ரோல் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. பாவம் அந்த மெக்கானிக்.

"அடி அண்ணாமலைக்குத்தானே போனீங்க? அதுக்கும் லெப்ட்டுக்கும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்குச் சீக்கிரம் போக ஒரு வழி இருக்கிறது. பாதி மலையைத்தான் சுற்ற வேண்டும். ஆனால் எதிர்த்திசையில்.

"மலையை இடது கைப்பக்கம் வச்சா?"

"அப்பதானேங்க லெப்ட்டு வளைவா வரும்?"

"முழுசா சுத்தினீங்களா?"

"கோயில் வரைக்கும் போனா பாதிதானே ஆவுது? மீதியும் சுத்திட்டு வந்தோம். பதினெட்டு தடவை."

நான் பூதத்தின் காலைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு அப்பிரதட்சிணம். என் வீட்டிலிருந்து. என் காரில். அந்த விபூதியை நான் தினமும் நெற்றியில் பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறேன்.

"பாவம் இல்லையா?"

"பஸ்ஸு எதிர்ப்பக்கமா வருதே, அதுக்கு நாம நேர்ப்பக்கம் மட்டும் பழகிட்டுப் போனா போதுமா?" என்றாள் மனைவி. "உங்க கூட இருபத்தஞ்சு சுத்து வலமா சுத்தியிருக்கா. பதினெட்டைக் கழிங்க. இன்னும் ஏழு அவ பேர்ல மிச்சம் இருக்குது."

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மலையப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டுத்தாம்ப்பா ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றாள் மகள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. "அம்மா பக்கத்துல உக்காந்துனு வரும். ஒண்ணுமே சொல்லாது. அதனாலதான் கத்துக்க முடிஞ்சுது."

மிச்சமிருந்த தண்ணீரை அவளிடம் நீட்டினேன்.

எழுந்து, "சரி, இனிமே நான் ஓட்டறேன்" என்றேன். அப்பன் என்று ஒருவன் ஏதாவது செய்ய வேண்டுமே. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்சில் வைத்த கால் தையல் மெஷின் மிதிப்பது போல ஆடியது. கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் ஒரு துள்ளு. மூன்றாவது துள்ளுக்கு ஆடுகள் எல்லாம் ஏரிக்கரை மேல் ஏறிவிட்டன.

"யப்பா, நீ எறங்குப்பா" என்றார் ஆட்டுக்கார அம்மா. "ரெண்டு ஆடு சினையா இருக்குது. யம்மா, நீயே வந்து உக்காரும்மா."

இறங்கினேன். என் ஐம்பத்து மூன்று வயதில் ஆட்டுக்காக நான் விட்டுக்கொடுத்த சீட் அது. மகள் உட்கார்ந்தாள். பின்னால் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் குதிரைக் கால், ஒரு சாணுக்கு மேல் இடமில்லை. அதற்குள் ஊரிலிருந்து பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ரைட்டுல ஒடி, லெப்ட்டுல ஒடி, நேரா விடு, நிறுத்து நிறுத்து என்று பத்து வாயும் பத்துத் திசை சொன்னது. பதினோராவது வாய் என்னுடையது. திறக்கப் போனேன். அம்மா ஒண்ணுமே சொல்லாது என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சுண்ணாம்புக் கீறல்கூட இல்லாமல் வெளியே எடுத்துவிட்டாள். அதைக் கண்ணை மூடாமல் முழுக்கப் பார்த்தேன்.

நாங்கள் ஏறிக்கொண்டதும் சாலைக்குப் போகாமல் குதிரைகளை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"எதுக்கு?"

"வலமா ஒண்ணு. உங்களுக்காக."

மெதுவாக, இரண்டாவது கியரில். நான் கும்பிட்டேன். அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஊருக்குள் கூட்டமாகத்தான் இருந்தது. அங்கேயும் அவளே ஓட்டினாள். இடது வந்தால் இடது, வலது வந்தால் வலது. வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினாள். மூவரும் அந்தச் சாவியைப் பார்த்தோம். மனசுக்குள் காலையில் எழுதிய குறிப்பு இருந்தது. அதில் முதல் வரியே இப்போது பொய்.

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"ஃபைல் மூவ் ஆயிடுச்சு" என்றாள் மனைவி, டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறபோது.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினாள். பெட்டி, தலையணை, ஒரு டப்பா நிறைய முறுக்கு. நெற்றியில் நான் விபூதி பூசினேன். பார்த்துப் போ, மெதுவாப் போ, போய் போன் பண்ணு, மழை வந்தா ஓரமா நிறுத்து என்று சொல்ல வரிசையாக வைத்திருந்தேன். எதுவும் சொல்லவில்லை. இதுவரை நான் செய்தவற்றில் மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்குப் போக இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். வீடு கட்டியதிலிருந்து அப்படித்தான். நான் அதைக் கவனித்ததே இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் இண்டிகேட்டர் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஒரு பால் வண்டி போகும் வரை காத்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

தெரு காலியாகி வெகுநேரம் அங்கேயே நின்றேன் போலிருக்கிறது.

"ஏங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "கால எடுங்க, கேட்ட மூடணும்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் கேட்டின் அடிச்சட்டத்தை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.